இரண்டாவது கார் வாங்குகிறோம், பழைய போனஸ் அதற்கும் வருமா?

வாசகியின் கேள்வி:

என் கணவர் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருக்கிறார். நான் தலவாக்கலையில் ஆசிரியை. கணவரின் பெயரில் பழைய ஆல்டோ ஒன்று இருக்கிறது, புல் இன்சூரன்ஸ். பல வருடங்களாக ஒரு கிளெய்மும் போடவில்லை, கிளெய்ம் போடாத ஒவ்வொரு வருடத்துக்கும் இன்சூரன்ஸ் கட்டுப்பணத்தில் படிப்படியாகக் கூடும் கழிவு, அந்த நோ கிளெய்ம் போனஸ், இப்போது 50 வீதம். நான் போன வருடம்தான் லைசன்ஸ் எடுத்தேன். என் பெயரில் லீசிங்கில் ஒரு வேகன் ஆர் வாங்கப் போகிறோம், விலை 60 இலட்சம். அந்த 50 வீதம் புதிய காருக்கும் கிடைக்குமா? தெரிந்த ஏஜன்ட் ஒருவர், "போனஸ் கடிதத்தை இரண்டு கம்பெனியிலும் காட்டலாம், யாரும் பார்க்கமாட்டார்கள்" என்கிறார். ஆல்டோவை இனி மற்றவருக்கான பொறுப்பை மட்டும் ஏற்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸுக்கு இறக்கிவிட்டால் செலவு குறையுமா? போன மாதம் கொட்டகலையில் ஒரு பஸ் உரசி ஆல்டோவின் சைட் மிரரும் கதவும் போய்விட்டன. கராஜில் 28,000 ரூபா சொல்கிறார்கள். கிளெய்ம் போடலாமா? கடைசியாக ஒன்று: ஏப்ரல் சீசனுக்கு ஆல்டோவை எடுத்து நுவரெலியாவில் ஹயர் ஓடலாம் என்று என் கொழுந்தன் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வராது. உங்கள் கணவர் சேர்த்து வைத்திருக்கும் 50 வீதம் ஒரு நேரத்தில் ஒரு வாகனத்துக்குத்தான். ஆல்டோவில் இருக்கும் வரைக்கும் வேகன் ஆருக்கு அது இல்லை. வேகன் ஆருக்கு மாற்றினால் ஆல்டோ பூச்சியத்தில் இருந்து தொடங்கும். இதற்காக மனம் தளர வேண்டாம். இரண்டாவது காருக்கு வேறு வகைத் தள்ளுபடி கேட்டு வாங்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் போனஸ் எதன் மேல் கழிகிறது என்று பாருங்கள். கோட்டேஷனைக் கையில் எடுத்தால் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகைக்குத்தான் நம் கண் போகும். போனஸ் வேலை செய்வது மேலே, அடிப்படைக் கட்டுப்பணத்தில். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான தொகை தனியாக வரும். அந்தக் கவரை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் என்பதால், உங்கள் போனஸ் அதைத் தொடாது. வற் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம், அதுவும் கூடவே ஏறும். ஆகவே "50 வீதம் போனஸ்" என்றால் கட்டும் பணம் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். போனஸ் கழித்த பிறகும் பில் பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்கிறவர்களுக்கு நான் கோட்டேஷனின் நடுப்பகுதியைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று, போனஸ் காருக்குச் சொந்தமானதல்ல, காப்புறுதி எடுத்த ஆளுக்குச் சொந்தமானது. ஆல்டோவை நாளைக்கு விற்றால் வாங்குகிறவருக்கு உங்கள் 50 வீதம் போகாது, உங்கள் கணவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாகனத்துக்குப் போகலாம். இதிலேயே உங்களுக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. போனஸ் கணவரின் பெயரில், லீசிங் உங்கள் பெயரில். கணவன் மனைவிக்கிடையே போனஸை மாற்ற இடம் தரும் கம்பெனி உண்டு, தராத கம்பெனியும் உண்டு. இடம் தருகிறோம் என்று சொன்னால், வாய்ப்பேச்சோடு விடாமல் கோட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

ஏஜன்ட் சொன்ன வழியை மறந்துவிடுங்கள். போனஸ் கடிதம் என்பது பழைய கம்பெனி கொடுக்கும் உறுதி: இந்த ஆள், இந்த வாகனம், இத்தனை வருடம், இத்தனை வீதம். அதை இரண்டு இடத்தில் காட்டினால் இரண்டாவது இடத்தில் நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டது பொய். காப்புறுதி நிற்பதே முழு நம்பிக்கையின் மேல். காப்புறுதி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் தெரிந்தே பிழையான விவரம் கொடுத்தால், நட்டஈட்டை மறுக்கக் கம்பெனிக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். பணம் கட்டுகிற அன்று யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். பெரிய விபத்து நடந்து இலட்சக்கணக்கில் கொடுக்க வேண்டி வரும்போதுதான் பைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார்கள். அன்றைக்கு அந்த ஏஜன்ட் போனை எடுப்பாரா என்பது வேறு கதை.

இனிக் கணக்கு. உங்கள் கோட்டேஷன் என்னிடம் இல்லை, அதனால் எளிதான இரண்டு தொகைகளை வைத்துக் காட்டுகிறேன். கோட்டேஷன் வந்ததும் உங்கள் தொகைகளைப் போட்டு அப்படியே செய்து பாருங்கள். ஆல்டோவின் அடிப்படைக் கட்டுப்பணம் 46,000 ரூபா என்றும் வேகன் ஆருக்கு 120,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். வரிகளையும் மற்றக் கவர்களையும் விட்டுவிடுகிறேன்.

போனஸ் ஆல்டோவிலேயே இருந்தால் ஆல்டோவுக்கு 23,000, வேகன் ஆருக்கு முழு 120,000, மொத்தம் 143,000. போனஸை வேகன் ஆருக்கு மாற்றினால் ஆல்டோவுக்கு 46,000, வேகன் ஆருக்கு 60,000, மொத்தம் 106,000. வருடத்துக்கு 37,000 ரூபா வித்தியாசம். பெரிய கட்டுப்பணத்தின் மேல் பெரிய வீதத்தை வைப்பது லாபம் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார்.

ஆனால் நம் ஊர் மார்க்கெட்டில் புதிதாக வரும் வாடிக்கையாளரைப் பிடிக்கக் கம்பெனிகள் முதல் வருடமே ஒரு போனஸ் கொடுக்கும். அப்பிரண்ட் போனஸ் என்பார்கள், நீங்கள் இன்னும் சம்பாதிக்காத போனஸ். அதற்கு மேல் மல்டிபிள் ரிபேட் என்று இன்னொரு கழிவும் கோட்டேஷனில் வருவதுண்டு. ஆசிரியர், அரச ஊழியர், ஒரே வீட்டில் இரண்டு வாகனம், ஏற்கனவே அந்தக் கம்பெனியில் ஆயுள் காப்புறுதி, இப்படி எதையாவது காட்டிக் கேட்டால் கொஞ்சம் இறங்குவார்கள். கேட்காதவருக்குத் தானாகக் கொடுக்கமாட்டார்கள், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். வேகன் ஆருக்கு இவை எல்லாம் சேர்த்து 35 வீதம் கிடைத்தது என்று வையுங்கள். அது 78,000. ஆல்டோ பழையபடி 23,000. மொத்தம் 101,000. போனஸை மாற்றுவதைவிடக் குறைவு! 25 வீதம்தான் தந்தார்கள் என்றால் மொத்தம் 113,000, அப்போது மாற்றுவது மலிவு. ஆக, முடிவு புதிய கம்பெனி தரும் வீதத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்று இடத்திலாவது கேட்டுப் பாருங்கள்.

இது வரைக்கும் பேசியது காசு. உங்கள் விடயத்தில் நான் அதற்கு மேல் ஒன்றைப் பார்ப்பேன்: எந்தக் கார் உரசப் போகிறது? கோபிக்க வேண்டாம் டீச்சர். போன வருடம் லைசன்ஸ், புதிய கார், தினமும் ஹட்டனில் இருந்து தலவாக்கலைக்கு. அந்தப் பாதையின் வளைவுகளும் காலையில் இறங்கும் பனியும் உங்களுக்குத் தெரியாததல்ல. பஸ்ஸுக்கு வழி விட்டு ஓரத்துக் கானில் டயரை இறக்காத ஆள் இங்கே குறைவு. தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி எதிரே வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். முதல் இரண்டு வருடத்தில் வேகன் ஆரில் ஒரு கிளெய்ம் வருவதற்கான வாய்ப்பு ஆல்டோவில் வருவதைவிடக் கூடுதல்.

அந்தக் கணக்கையும் போடுவோம். முழு 50 வீதத்தையும் வேகன் ஆருக்கு மாற்றிவிட்டீர்கள், எட்டாம் மாதம் ஒரு பெரிய கிளெய்ம். உங்கள் கம்பெனி கிளெய்ம் வந்தால் போனஸை முழுதாக எடுத்துவிடும் கம்பெனி என்றால், அடுத்த வருடம் வேகன் ஆர் மறுபடியும் 120,000. ஆல்டோவில் அப்போதுதான் முதல் படி ஏறியிருக்கும். கணவர் வருடக்கணக்காகச் சேர்த்தது ஒரே நாளில் போய்விட்டது. ஆல்டோவிலேயே விட்டிருந்தால் அதே கிளெய்ம் வேகன் ஆரின் அப்பிரண்ட் போனஸை மட்டும்தான் தொடும். ஒரு வாகனத்தின் கிளெய்ம் இன்னொரு வாகனத்தின் போனஸைப் பாதிக்காது. இரண்டும் தனித்தனிப் பொலிசி, தனித்தனிக் கணக்கு.

ஆகவே என் முடிவு: கணவரின் போனஸ் ஆல்டோவிலேயே இருக்கட்டும். வேகன் ஆரை உங்கள் பெயரில் அப்பிரண்ட் போனஸோடு தொடங்குங்கள், உங்களுக்கென்று ஒரு கிளெய்ம் இல்லாத வரலாறு வளரட்டும். ஆல்டோவை விற்கும் காலம் வரும்போது அந்த 50 வீதமோ அதற்கு மேலோ கணவரின் அடுத்த வாகனத்துக்குப் போகும். புதிய கம்பெனிகள் எல்லாம் 20 வீதத்துக்கு மேல் அசையவில்லை, கணவன் மனைவி மாற்றத்துக்கும் ஒத்துக்கொள்கிறார்கள், நீங்களும் நல்ல நிதானமாக ஓட்டுகிறவர் என்றால் மாற்றுவதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

அப்பிரண்ட் போனஸ் வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். முதல் வருடத்துக்குள் கிளெய்ம் போட்டால், கொடுத்த போனஸைத் திருப்பி அறவிடுவார்களா? நட்டஈட்டில் இருந்து அதைக் கழித்துவிட்டுத் தருகிறோம் என்றால் அந்தத் தள்ளுபடி பாதி கடன் மாதிரி. இரண்டாவது, நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் போனஸ் கடிதத்தில் எத்தனை வீதம் எழுதித் தருவார்கள்? தள்ளுபடியாகக் கொடுத்ததைச் சம்பாதித்த போனஸாக அடுத்த கம்பெனி ஏற்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 40 வீதம் என்று காட்டி உள்ளே இழுத்துவிட்டு, கடிதத்தில் ஒரு வருடப் போனஸை மட்டும் எழுதித் தந்தால் நீங்கள் அங்கேயே கட்டப்பட்டுவிடுவீர்கள்.

லீசிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லீசிங் முடியும் வரைக்கும் புல் இன்சூரன்ஸ் கட்டாயம், அதில் பேரம் கிடையாது. லீசிங் கம்பெனியே ஓர் இன்சூரன்ஸையும் சேர்த்து நீட்டும். மாதத் தவணையோடு சேர்த்துவிடுகிறோம் என்பார்கள், கேட்க வசதியாக இருக்கும். கையெழுத்திட முன்பு அந்தக் கட்டுப்பணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லி, வெளியே வாங்கிய கோட்டேஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாகனம் முழுதாக அழிந்தால் நட்டஈடு முதலில் லீசிங் பாக்கிக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு.

ஆல்டோவைத் தேர்ட் பார்ட்டிக்கு இறக்கும் யோசனைக்கு வருகிறேன். வேறு நாட்டில் என்றால் பழைய காருக்கு அது சரியான யோசனைதான். இங்கே பழைய கார் பழைய விலைக்கு வருவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓட்டை ஆல்டோவும் இலட்சக்கணக்கில் ஏறிவிட்டது. உங்கள் ஆல்டோ இன்றைக்கு 25 இலட்சம் போகும் என்றால், ஒரு பள்ளத்தில் விழுந்தால் போவது 25 இலட்சம். தேர்ட் பார்ட்டியில் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மற்றவரின் உயிருக்கும் உடலுக்கும் உள்ள பொறுப்பை. உங்கள் காரைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை. தேர்ட் பார்ட்டியில் இருக்கும் வருடங்களில் கணவரின் 50 வீதம் வேலை இல்லாமல் கிடக்கும். நீண்ட காலம் அப்படிக் கிடந்தால், திரும்பப் புல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது அதை ஏற்பார்களா என்பது கம்பெனியின் விருப்பம். வேண்டாம், இறக்காதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று பாருங்கள், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஆல்டோவின் பொலிசியில் காப்புறுதித் தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? பழைய தொகையையே வருடா வருடம் புதுப்பித்து வரும் ஆட்கள் மலைநாட்டில் நிறைய. கட்டுப்பணம் குறைவாக வருகிறது, அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. தொகை 15 இலட்சம், சந்தை விலை 25 இலட்சம் என்று வையுங்கள். நீங்கள் காப்புறுதி செய்திருப்பது 60 வீதம்தான். 2 இலட்சத்துக்கு அடிபட்டால் விகிதப்படி 120,000 மட்டும் தந்துவிட்டு, மிச்சத்துக்கு நீங்களே காப்புறுதிக்காரர் என்று சொல்வார்கள். பொலிசியில் அந்த நிபந்தனை இருக்கிறது. 50 வீதம் போனஸைப் பாதுகாக்கப் பாடுபட்டுக்கொண்டு 40 வீதம் நட்டஈட்டைக் கோட்டைவிடுவதில் அர்த்தம் இல்லை. அடுத்த புதுப்பித்தலுக்கு முன் தொகையைச் சரியாக்குங்கள், கட்டுப்பணம் கொஞ்சம் ஏறட்டும்.

சரி, சைட் மிரரும் கதவும். கராஜ் கணக்கு 28,000. உங்கள் பொலிசியில் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 10,000 என்று வைத்தால் கம்பெனி தருவது 18,000. அதற்காக அடுத்த வருடம் இழக்கக்கூடிய போனஸ், மேலே போட்ட கணக்குப்படி 23,000. அதோடு முடியாது, மறுபடியும் 50 வீதத்துக்கு ஏறும் வரை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். சில கம்பெனிகள் ஒரு கிளெய்முக்கு இரண்டு படி மட்டும் இறக்கும், சில முழுதாக எடுக்கும். முழுதாக எடுக்கும் கம்பெனி என்றால் இந்தக் கிளெய்ம் நட்டம். கைக்காசில் செய்யுங்கள். ஒரிஜினல் மிரர்தான் வேண்டும் என்று நிற்காமல் பாவித்த உதிரிப்பாகம் தேடினால் 28,000 இன்னும் குறையும்.

ஆனால் பிழை பஸ்காரருடையது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பஸ்ஸின் காப்புறுதியில் மூன்றாம் தரப்பின் சொத்துச் சேதத்துக்குக் கவர் இருந்தால் அங்கே கேட்கலாம். உங்கள் பொலிசியைத் தொடவேண்டியதில்லை, போனஸும் அப்படியே இருக்கும். அதற்கு அந்த இடத்திலேயே வாகன இலக்கம், காப்புறுதி அட்டையின் படம், சேதத்தின் படம், சாட்சி ஒருவர், தேவை என்றால் பொலிஸ் முறைப்பாடு, இவை வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் பஸ்காரர் உங்களைப் பார்த்ததாகவே சொல்லமாட்டார். இந்த முறை அது கைமீறியிருக்கலாம், அடுத்த முறைக்கு ஞாபகத்தில் இருக்கட்டும்.

கைக்காசில் சரிசெய்வது சின்ன உரசலுக்குத்தான். யாருக்காவது காயம் என்றால் சின்னதாகத் தெரிந்தாலும் ரோட்டோரத்தில் பேசி முடிக்க வேண்டாம். பொலிசுக்கும் கம்பெனிக்கும் உடனே சொல்லுங்கள். இன்றைக்கு "ஒன்றுமில்லை தங்கச்சி, போங்க" என்கிறவர் நாளைக்கு ஆஸ்பத்திரித் துண்டோடு வருவதுண்டு. தாமதமாகச் சொன்னீர்கள் என்பதற்காகவே கம்பெனி கையை விரிக்கும். தகவலுக்காக மட்டும் அறிவிக்கிறேன், கிளெய்ம் போடவில்லை என்று சொல்லிப் பதிவு செய்யலாம். பதிவு செய்வது மட்டும் போனஸைக் குறைக்காது என்பதைக் கோல் சென்டரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மலைநாட்டில் ஓடும் காருக்கு, போனஸைவிட முக்கியமான சில வரிகள் கோட்டேஷனில் இருக்கின்றன. இயற்கை அனர்த்தக் கவர் அதில் ஒன்று. மண்சரிவு, வெள்ளம், மரம் விழுதல் எல்லாம் புல் இன்சூரன்ஸில் தானாக அடங்கும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அது தனி வரியாக, தனிக் கட்டணத்தோடு வரலாம், சில நேரம் கட்டுப்பணத்தைக் குறைத்துக் காட்ட அந்த வரியை வெட்டிவிட்டும் கோட்டேஷன் தருவார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் செய்த அழிவைப் பார்த்த பிறகு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அனர்த்தக் கிளெய்ம் போட்டாலும் போனஸ் குறையுமா என்பதையும் கேளுங்கள். ஓட்டியவரின் பிழை இல்லை என்பதால் போனஸ் தப்பும் என்று எண்ண வேண்டாம். போனஸின் பெயரே கிளெய்ம் இல்லாததற்கு என்றுதான் இருக்கிறது, பிழை இல்லாததற்கு என்று இல்லை.

அடுத்தது இழுவைச் செலவு. பொலிசியில் ஒரு சின்னத் தொகை எழுதியிருப்பார்கள், கொழும்பில் சமதரையில் இழுத்துப் போகக் காணும். தேயிலை மலைக்குள் பல அடி கீழே இறங்கிவிட்ட காரை கிரேன் வைத்துத் தூக்கி ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொண்டுபோக அது எந்த மூலைக்கு? தொகையைக் கூட்டச் சொல்லுங்கள், கூடுதல் கட்டணம் பெரிதாக வராது. விண்ட்ஸ்கிரீனுக்கும் தனிக் கவர் கேளுங்கள். லொறிக்குப் பின்னால் போகும்போது கல் தெறிப்பது இங்கே சாதாரணம். ஒரு எல்லை வரைக்கும் விண்ட்ஸ்கிரீன் கிளெய்முக்குப் போனஸைத் தொடமாட்டோம் என்று எழுதித் தரும் கம்பெனியாகப் பார்த்து எடுத்தால் நல்லது. எக்ஸஸைக் கூட்டிக்கொண்டு கட்டுப்பணத்தைக் குறைப்பதும் உங்களுக்குப் பொருந்தும். சின்னக் கிளெய்ம் எப்படியும் போடப்போவதில்லை, அந்தப் பாதுகாப்புக்கு ஏன் காசு கட்ட வேண்டும்? ஆனால் லீசிங் கம்பெனி எக்ஸஸுக்கு எல்லை வைத்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கம்பெனியோடு பிரச்சினை வந்தால் முதலில் அவர்களுடைய முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அங்கே தீரவில்லை என்றால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். நான் மேலே அடிக்கடி எழுத்தில் வாங்குங்கள் என்று சொன்னதற்குக் காரணமே இதுதான், அங்கே ஏஜன்ட் வாயால் சொன்னதைச் சாட்சியாக வைக்க முடியாது.

உங்கள் கொழுந்தனின் ஹயர். இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆல்டோவின் பொலிசி சொந்தப் பாவனைக்கு. ஏப்ரல் சீசனில் நுவரெலியா ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இறம்பொடைப் பக்கம் வரிசையாக வாகனம். அங்கே காசு வாங்கி ஏற்றிய பயணியோடு அடிபட்டால் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி, பின் சீட்டில் இருந்தவர் யார் என்பதுதான். சொந்தக்காரர் என்று சொல்லச் சொல்லிப் பயணியிடம் கெஞ்சுவது நடக்கிற காரியமல்ல, காயப்பட்டவர் தன் நட்டஈட்டைத்தான் பார்ப்பார். காருக்கும் பணம் வராது, மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதும் காரின் சொந்தக்காரரான உங்கள் கணவரின் தலையில் விழலாம். உண்மையாகவே ஓட வேண்டும் என்றால் ஹயர் பாவனைக்கு என்று பொலிசியை மாற்றி, அதற்குரிய கட்டுப்பணத்தைக் கட்டி ஓடட்டும். ஒரு சீசனுக்காக அப்படி மாற்றினால் 50 வீதம் போனஸ் அந்தப் பொலிசியிலும் தொடருமா என்று கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், சொந்தக் காருக்கும் ஹயர் வாகனத்துக்கும் போனஸ் படிகள் ஒன்றாக இருப்பதில்லை. அந்தத் தொகையைப் பார்த்தால் கொழுந்தனே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன்.